தகரப் பெட்டியும் தண்ணீர் லென்ஸும்: அகலப் படத்தின் வரலாறு

அகன்ற நிலக்காட்சியை ஒரே படத்துக்குள் அடக்கும் ஆசை ஒளிப்படக் கலையைவிட மூத்தது. எடின்பரோவில் வாழ்ந்த அயர்லாந்து ஓவியர் ராபர்ட் பார்க்கர், பார்வையாளரைச் சுற்றி வளைத்து நிற்கும் வட்ட ஓவியத்துக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய ஓவியங்களைக் காட்டுவதற்கென்றே 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் வட்டக் கட்டடம் ஒன்று எழுந்தது. பனோரமா என்ற பெயர் அங்கிருந்தே உலகெங்கும் பரவியது. 1839இல் டாகுரியோடைப் என்ற ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் ஒளிப்படக்காரர்களும் அந்த அகலத்தைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்கள். விலை உயர்ந்த லென்ஸ்களைச் செய்தவர்களுக்கு இந்த வரலாற்றில் இடமுண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு தகட்டை வளைத்தும், கேமராவைச் சுழற்றியும், தண்ணீரை ஊற்றியும், தகரத்தில் துளையிட்டும் வழி கண்டவர்களுக்குச் சொந்தமானது. அவர்களுக்குக் கைகொடுத்தது வடிவியல்.

தட்டைத் தகட்டின் எல்லை

வழக்கமான கேமராவில் லென்ஸும் தகடும் எதிரெதிரே அசையாமல் நிற்கின்றன. ஒரு பொருள் லென்ஸின் அச்சிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ, அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் அளவுக்கு அதன் பிம்பம் தகட்டின் மையத்திலிருந்து விலகி விழும். 45 பாகை விலகிய மரத்தின் பிம்பம் மையத்திலிருந்து குவியத் தொலைவுக்குச் சமமான தூரத்தில் விழும். 60 பாகையில் அது குவியத் தொலைவைப்போல் 1.73 மடங்கு, 80 பாகையில் 5.67 மடங்கு. 90 பாகைக்கு எவ்வளவு பெரிய தகடும் போதாது. அகலப் படங்களின் ஓரத்தில் மனிதர்களும் கட்டடங்களும் இழுபட்டுப் பருத்துத் தெரிவதற்கு இதுவே காரணம்.

வெளிச்சமும் ஓரத்தில் குன்றுகிறது. அது கோசைனின் நான்காம் படியைப் பின்பற்றுவதால், 45 பாகையில் மையத்து ஒளியின் கால் பங்கும், 60 பாகையில் பதினாறில் ஒரு பங்கும்தான் தகட்டுக்கு வந்து சேரும். இந்தத் தடையை லென்ஸைக் கொண்டே வெல்ல முயன்றதற்குச் சிறந்த சான்று, ஜெர்மனியின் கோர்ட்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோக் 1900இல் வடிவமைத்த ஹைப்பர்கான். அரைக்கோளங்கள் போன்ற இரண்டு மெல்லிய கண்ணாடிகளால் அது ஏறத்தாழ 135 பாகையை எட்டியது. ஆனால் ஓரம் இருண்டுபோகாமல் இருக்க, நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்றை லென்ஸின் முன்னால் காற்றடித்துச் சுழலவிட வேண்டியிருந்தது. நடுவில் விழும் மிகை ஒளியை அந்தச் சக்கரம் தடுத்தது.

தகட்டையே வளைத்துவிட்டால் இரண்டு தொல்லைகளும் பெருமளவு தீர்ந்துவிடும். லென்ஸை மையமாகக் கொண்ட உருளையின் உட்புறத்தில் படம் விழுமானால், எல்லாத் திசையிலும் தூரம் ஒன்றே. சம கோணங்கள் சம நீளங்களாகப் பதியும். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளின் மலிவான அகலக் கேமராக்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கருத்தின்மேல் நிற்பவை.

வளைந்த தகடு

ஆஸ்திரியாவின் யோசஃப் பூக்பெர்கர் 1843இல், கைப்பிடியைச் சுற்றினால் லென்ஸ் மட்டும் திரும்பும் கேமராவுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பாரிஸில் வாழ்ந்த செதுக்கோவியர் ஃபிரீட்ரிக் ஃபான் மார்டென்ஸ், பல்சக்கரங்களால் சீராகத் திரும்பும் மெகாஸ்கோப் என்ற கேமராவைச் செய்தார். சேன் நதியையும் அதன் கரைகளையும் ஏறத்தாழ 150 பாகை அகலத்தில் அவர் பதித்த படங்கள் இன்றும் உள்ளன.

இந்த முறைக்குப் புதுவகை லென்ஸ் தேவையில்லை. ஒவ்வொரு லென்ஸிலும் பின்முனைப் புள்ளி என்று ஓர் இடம் உண்டு. அந்தப் புள்ளியை அச்சாக வைத்து லென்ஸைத் திருப்பினால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் தகட்டின்மேல் நகராமல் நிற்கும். லென்ஸின் பின்னால் ஒடுங்கிய செங்குத்துப் பிளவு ஒன்றைப் பொருத்திவிட்டால், லென்ஸ் திரும்பத் திரும்பக் காட்சி கீற்றுக் கீற்றாகத் தகட்டில் விழுகிறது. லென்ஸின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்வதால் ஓரத்துக் குறைகள் படத்தில் ஏறுவதில்லை. ஆகவே முப்பது நாற்பது பாகை மட்டுமே பார்க்கக்கூடிய லென்ஸும் 150 பாகைப் படத்தைத் தந்துவிடும்.

இதெல்லாம் சாத்தியமானதற்கு டாகுரியோடைப்பின் தகடும் ஒரு காரணம். அது வெள்ளி பூசிய செப்புத் தகடு, எளிதில் வளையும். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டதும் கண்ணாடித் தகடுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கண்ணாடி வளையாது என்பதால், சுழலும் லென்ஸின் வழி பல ஆண்டுகளுக்கு அடைபட்டது.

சட்டனின் தண்ணீர் லென்ஸ்

அடைபட்ட வழிக்கு மாற்றாக 1859இல் ஓர் அரிய யோசனை வந்தது. ஆங்கிலேயரான தாமஸ் சட்டன், ஒளிப்பட இதழ் ஒன்றை நடத்திவந்தவர். 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லின் புகழ்பெற்ற வண்ணப் பட ஆய்வுக்குப் படமெடுத்துக் கொடுத்தவரும் அவரே. இரண்டு தடித்த கண்ணாடிக் கிண்ணங்களை எதிரெதிரே பொருத்தி, நடுவே தண்ணீரை நிரப்பி அவர் கோள வடிவ லென்ஸ் ஒன்றைச் செய்தார்.

கோளத்துக்கு முன், பின், பக்கம் என்ற பேதமில்லை. நடுவிலுள்ள திறப்பின் வழியே செல்லும் ஒளி எத்திசையிலிருந்து வந்தாலும் அதே வளைவையும் அதே தடிமனையும் கடக்கிறது. அதனால் லென்ஸைத் திருப்பாமலே ஏறத்தாழ 120 பாகை ஒரே நேரத்தில் பதிந்தது. தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வெவ்வேறு அளவில் விலக்குவதால், நிறங்கள் பிரிந்து சிதறும் குறையும் தணிந்தது. ஓர ஒளி குன்றுவதைச் சரிக்கட்ட, வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் நிற்கும் இரண்டு தகடுகளை நடுத்திறப்பில் வைத்தார். நேராக வரும் ஒளியை அவை சற்று மறைக்கும். சாய்ந்து வரும் ஒளிக்கு வழிவிடும்.

லண்டனில் தாமஸ் ராஸ் இந்தக் கேமராக்களைச் செய்து விற்றார். லென்ஸின் நடுவே இருந்தது வெறும் தண்ணீர்தான் என்றாலும், அதைப் பயன்படுத்தும் செலவு குறையவில்லை. பிம்பம் வளைந்த பரப்பில் விழுந்ததால் கண்ணாடித் தகடுகளையும் வளைத்தே வார்க்க வேண்டியிருந்தது. அவற்றை நனைக்கும் தொட்டி, தாங்கும் சட்டம், அச்செடுக்கும் சட்டம் எல்லாமே வளைவாக இருக்க வேண்டும். ஈரம் காயும் முன்பே வேலை முழுவதையும் முடிக்கவும் வேண்டும். இந்தச் சிரமத்தால் சட்டனின் கேமரா பரவலாகவில்லை. எஞ்சியவை இன்று அருங்காட்சியகப் பொருள்கள்.

துண்டுகளைச் சேர்த்தல்

தனிக் கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. கேமராவைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து அடுத்தடுத்து வைப்பதே அது. 1848 செப்டம்பரில் சார்லஸ் ஃபாண்டேனும் வில்லியம் போர்ட்டரும் ஒஹாயோ ஆற்றின் எதிர்க்கரையில் நின்று சின்சினாட்டி நகரின் ஆற்றங்கரையை எட்டு டாகுரியோடைப் தகடுகளில் எடுத்தார்கள். ஒவ்வொரு தகடும் அத்தனை நுணுக்கமாகப் பதிந்திருந்ததால், பிற்காலத்தில் நுண்ணோக்கி வழியே ஆராய்ந்தபோது தொலைவிலிருந்த கோபுரக் கடிகாரத்தின் நேரத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

தஞ்சாவூருக்கும் இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்புவது இங்கே பயன்படாது. சுவர் சாய்ந்து ஓடினால் எழுத்துகள் குறுகிவிடும். ஆகவே கேமரா சுவரோடு இடம் மாறி மாறிச் சென்றது. 21 படங்களை ஒட்டிச் சேர்த்தபோது, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருள் உருவாயிற்று. நிலக்காட்சிப் பனோரமா ஓர் இடத்தில் நின்று பல திசைகளைப் பார்க்கிறது. டிரைப்பின் சுருளோ பல இடங்களில் நின்று ஒரே திசையைப் பார்க்கிறது. நீண்ட சுவர்களையும் தெருக்களையும் பதிவு செய்ய இன்றும் பின்பற்றப்படும் முறை இது.

பெரிய நகரங்களும் இந்த வழியில் பதிவாயின. சிட்னியில் பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் தன் வீட்டுக் கோபுரத்தின் உச்சியையே கேமரா மேடையாக்கினார். அங்கிருந்து சார்லஸ் பெய்லிஸ் 1875இல் எடுத்த படங்கள் 23 துண்டுகளாகச் சேர்ந்து ஏறத்தாழ 10 மீட்டர் நீண்டன. சான் ஃபிரான்சிஸ்கோவின் நாப் ஹில் குன்றிலிருந்து எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878இல் 13 பெரிய தகடுகளில் நகரத்தின் முழுச் சுற்றையும் எடுத்து முடித்தார். இந்தப் படங்களில் அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே நிழல் நகர்ந்திருக்கும்; புகையும் மேகமும் இடம் மாறியிருக்கும். துண்டுப் படத்தின் நிரந்தரக் குறை அதுவே.

வில்விசைக் கேமராவின் காலம்

1889இல் ஈஸ்ட்மன் நிறுவனம் வளையும் செல்லுலாய்டு பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், மார்டென்ஸின் அடைபட்ட வழி மறுபடி திறந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் பர்லிங்டனில் 1898 முதல் உருவான அல்-விஸ்டா கேமராவில் லென்ஸ் வில்விசையால் திரும்பியது. அதன் வேகத்தைக் குறைக்கச் சிறு விசிறி இலைகளை அச்சில் மாட்டினால் போதும். காற்றின் தடை மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

1899இல் கோடாக்கின் நான்காம் எண் பனோரம் 20 டாலருக்கு வந்தது. 142 பாகைக் காட்சியை மூன்றரை அங்குல உயரமும் 12 அங்குல நீளமும் கொண்ட நெகட்டிவில் அது பதித்தது. அடுத்த ஆண்டு வந்த முதலாம் எண் மாதிரியின் விலை 10 டாலர்; காட்சி 112 பாகை. உள்ளே குவியம் மாற்ற முடியாத எளிய லென்ஸ், வளைந்த பிலிம் பாதை, வில்விசை ஆகியவை மட்டுமே இருந்தன. பயணிகளும் பொறியாளர்களும் விவசாயக் குடும்பங்களும் தங்கள் ஊரின் அகலத்தைத் தாங்களே எடுக்கும் காலம் இதனால் வந்தது.

மலிவான இந்தப் பெட்டியின் ஆற்றலை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர் செக் ஒளிப்படக் கலைஞர் யோசஃப் சுடெக். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த அவர், பழைய கோடாக் பனோரம் ஒன்றைச் சுமந்துகொண்டு பிராக் நகரத்தையும் அதன் புறநகர்களையும் சுற்றி வந்தார். 10க்கு 30 சென்டிமீட்டர் அளவு நெகட்டிவ்களிலிருந்து உருவான அவருடைய பிராக் பனோரமா நூல் 1959இல் வெளிவந்தது. பிறகு வடக்கு போஹீமியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் அழித்த நிலப்பரப்பையும் அதே கேமராவால் எடுத்தார். வெறுமையாகிப்போன அந்தத் தரையின் நீட்சியைக் காட்ட, ஒடுங்கி நீண்ட அந்தச் சட்டகம் மிகப் பொருத்தமாக அமைந்தது.

முழுச் சுற்றுக்கு லென்ஸைத் திருப்பினால் மட்டும் போதாது. கேமரா முழுவதும் சுழல வேண்டும். அப்போது பிளவின் பின்னால் பிலிம் எதிர்த்திசையில் ஓட வேண்டும். பிரான்ஸில் ஜூல் தமுவாசோவின் சைக்ளோகிராஃபும், அமெரிக்காவில் 1904இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமராவும் இந்த முறையில் இயங்கின. குவியத் தொலைவு 25 சென்டிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு அதை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் சுற்றளவான 157 சென்டிமீட்டர் பிலிம் ஓட வேண்டும். வேகம் சற்றே பிசகினாலும் படம் நீண்டுவிடும் அல்லது நசுங்கிவிடும்.

சர்க்கட் கேமரா நேர்கோடுகளை வில்லாக வளைத்துக் காட்டும். அதனால் பள்ளிக் குழுப் படம் எடுப்பவர்கள் மாணவர்களைக் கேமராவைச் சுற்றிப் பிறைவடிவில் நிறுத்தினார்கள். அச்சில் அவர்கள் நேர்வரிசையாகத் தெரிந்தார்கள். லென்ஸ் தன்னைக் கடந்ததும் வரிசையின் பின்னால் ஓடி மறுமுனையில் போய் நின்று, ஒரே படத்தில் இருமுறை இடம்பெற்ற மாணவர்களும் உண்டு.

கையால் செய்த கேமராக்களில் மிகத் துணிச்சலானது சிகாகோவின் ஜார்ஜ் லாரன்ஸுடையது. 1906 ஏப்ரல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் சான் ஃபிரான்சிஸ்கோ அழிந்த சில வாரங்களுக்குப் பின், வரிசையாகக் கட்டிய பட்டங்களால் தன் கேமராவை ஏறத்தாழ 2,000 அடி உயரத்துக்கு ஏற்றினார். கேமராவின் எடை 49 பவுண்டு, அதாவது 22 கிலோ. காற்றில் அது ஆடாதிருக்கக் கோல்களும் கயிறுகளும் எடைக்கட்டிகளும் கொண்ட சமநிலை அமைப்பு ஒன்றையும் அவரே வகுத்தார். கம்பி வழியே மின்சாரத்தை அனுப்பித் தரையிலிருந்து கேமராவை இயக்கினார். அதில் கிடைத்த நெகட்டிவ் நான்கடி நீளம் என்பதால் பெரிதாக்காமலே அச்செடுக்க முடிந்தது. இடிந்த தெருக்கள் தொடுவானம்வரை அதில் தெளிவாகத் தெரிகின்றன.

தண்ணீர் வாளி

அதே 1906இல் தண்ணீர் மறுபடி அகலப் படத்துக்குத் துணைக்கு வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் வுட், தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்று ஆராய்ந்தார். அவர் எடுத்த கருவி ஒரு வாளி. அடியில் ஒளிப்படத் தகடு. ஏறத்தாழ பாதி உயரத்தில், ஊசித்துளையளவு திறப்புள்ள சிறு லென்ஸ். விளிம்புவரை தண்ணீர். மேலே, சிற்றலை எழாதிருக்க ஒரு கண்ணாடித் துண்டு.

நீரின் மாறுநிலைக் கோணம் 48.6 பாகை. அதாவது, தண்ணீர்ப் பரப்பை ஒட்டிக் கிடையாக வரும் ஒளியும் உள்ளே நுழைந்ததும் செங்குத்திலிருந்து 48.6 பாகைக்குள் மடங்கிவிடும். அரைக்கோள வானம் முழுவதும் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. 90 பாகைக்கு எந்தத் தகடும் போதாது என்ற பழைய கணக்கு இங்கே மாறுகிறது: 48.6 பாகையின் டேன்ஜென்ட் 1.13தான். துளைக்குக் கீழே பத்து சென்டிமீட்டரில் தகடு இருந்தால், சுமார் 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் தொடுவானம் முழுவதும் விழுந்துவிடும்.

1922இல் டபிள்யூ. என். பாண்ட், தண்ணீருக்குப் பதிலாக ஒற்றைக் கண்ணாடி அரைக்கோளத்தை வைத்து மேகங்களைப் பதிவு செய்யும் லென்ஸை அமைத்தார். 1924இல் ராபின் ஹில் அதை மேம்படுத்தி வானம் முழுவதையும் எடுக்கும் லென்ஸ் ஆக்கினார். ஒளிச்சேர்க்கை ஆய்வில் புகழ்பெற்ற ஹில் இவரே. நிக்கான் நிறுவனம் 35 மி.மீ. கேமராவில் மாட்டிக் கழற்றும் மீன்கண் லென்ஸை 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கதவில் பதிக்கும் பார்வைத் துளைக் கண்ணாடியும் இதே குடும்பம்தான். அதைச் சிறு கேமராவின் முன்னால் ஒட்டி மீன்கண் படம் எடுப்பது, வீட்டில் கருவி செய்வோரின் மலிவான வழிகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது.

ஊசித்துளையும் வட்டத் தகரப் பெட்டியும்

லென்ஸே இல்லாமல் அகலப் படம் எடுக்கும் வழி ஊசித்துளை. துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ரேலே பிரபு அளித்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: துளைக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தை ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 1.9ஆல் பெருக்க வேண்டும். 12 சென்டிமீட்டர் தூரத்துக்கு விடை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய துளை படத்தை மழுங்கடிக்கும். சிறிய துளையில் விளிம்பு விளைவால் ஒளி சிதறும்.

12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகரப் பெட்டியின் சுவரில் துளையிட்டு, எதிர்ப்புறச் சுவரின் அரைவட்டத்தில் புகைப்படத் தாளை ஒட்டினால், படத்தின் நீளம் 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காட்சியின் அகலம் சரியாக 90 பாகை. ஒரு வில் வட்டத்தின் மையத்தில் தாங்கும் கோணம், பரிதியில் தாங்கும் கோணத்தைப்போல் இருமடங்கு என்ற பள்ளிப் பாடத் தேற்றமே இங்கே வேலை செய்கிறது. தாளை முக்கால் வட்டத்துக்கு நீட்டினால் 135 பாகை கிடைக்கும்.

வெளிச்சத்திலும் இந்த வட்டப் பெட்டி ஓர் அருமையான சமநிலையைத் தருகிறது. ஓரத்துக்குச் செல்லும் ஒளிக்குத் துளை ஒடுங்கித் தெரிகிறது. தாளிலும் அது சாய்ந்தே விழுகிறது. ஆனால் அந்த ஓரம் துளைக்கு அருகில் இருக்கிறது. குறைவும் மிகுதியும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், தாளின் நடுக்கோடு நெடுகிலும் ஒளி ஒரே அளவில் விழுகிறது. ஹைப்பர்கானின் சுழலும் நட்சத்திரம் செய்த வேலையைத் தகரப் பெட்டியின் வட்டமே செய்துவிடுகிறது.

துளையிடும் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். அரை மி.மீ. தடிமனுள்ள தகட்டில் அரை மி.மீ. துளையிட்டால், 45 பாகைக்கு அப்பால் ஒளியே நுழையாது. அதனால்தான் குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து மேலும் மெலிதாக்கிய பிறகு ஊசியால் துளைக்கிறார்கள். நல்ல வெயிலில் பிலிமுக்கு இரண்டு மூன்று விநாடிகளும், ஒளியுணர்வு குறைந்த புகைப்படத் தாளுக்கு அரை நிமிடத்துக்குக் குறையாமலும் துளை திறந்திருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் திறந்து வைப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012இல் பொருத்தப்பட்டு மறந்துபோன ஒரு பியர் டப்பா, 2020இல்தான் கழற்றப்பட்டது. உள்ளே இருந்த தாளில் எட்டு ஆண்டுகளில் சூரியன் வானைக் கடந்த 2,953 வில்கள் பதிந்திருந்தன. 2001 முதல் ஒவ்வொரு ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறும் உலக ஊசித்துளை ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கணினி வந்த பிறகு

ஜப்பானின் வைட்லக்ஸ், சோவியத் ஒன்றியத்தின் எஃப்டி-2, 1967இல் வந்த ஹொரிசான்ட் ஆகிய கேமராக்கள், சுழலும் லென்ஸை 35 மி.மீ. பிலிமுக்குக் கொண்டுவந்தன. 1990களின் பிற்பகுதியில் துண்டுகளைச் சேர்க்கும் பழைய வழி கணினியால் புத்துயிர் பெற்றது. ஜெர்மனியின் ஹெல்முட் டெர்ஷ் 1998இல் பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். லென்ஸின் வளைவுக் குறைகளைக் கணக்கிட்டுத் திருத்தி, தட்டையான படங்களை உருளையிலோ கோளத்திலோ விரிக்க அது உதவியது. அதன்மேல் எழுந்த ஹுகின் இன்றும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. டேவிட் லோ 1999இல் வெளியிட்ட அடையாளப் புள்ளி முறை, படங்களின் பொதுப் பகுதிகளைக் கணினியே கண்டுபிடிக்க வழிசெய்தது.

ஆனாலும் கைவேலை ஒழிந்துவிடவில்லை. கேமராவைத் திருப்பும்போது அதன் அச்சு, லென்ஸின் நுழைதிறப்பு தெரியும் இடத்தில் அமைய வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள மலையும் படத்துக்குப் படம் ஒன்றையொன்று விட்டு நகர்ந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக ஒட்ட முடியாது. மரத்துண்டும் திருகும் கொண்டு செய்த தாங்கியே இதற்குப் போதும். அருகே ஒரு கம்பத்தையும் தொலைவில் ஒரு கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, கேமராவை இருபுறமும் திருப்பிப் பார்த்து, அவை விலகாத இடம் வரும்வரை முன்னும் பின்னும் நகர்த்துவதே அளவு காணும் முறை.

கைப்பேசியின் பனோரமா வசதி 2010களில் பரவலாயிற்று. கையை மெல்லத் திருப்பும்போது கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றின் ஒடுங்கிய கீற்றுகளைச் சேர்த்துக்கொள்கிறது. தமுவாசோவின் பிளவும் சர்க்கட்டின் ஓடும் பிலிமும் செய்த வேலையை இங்கே கணக்கு செய்கிறது. பலனைப் போலவே குறையும் ஒன்றே: நேரான மதில் வில்லாக வளைகிறது, குறுக்கே நடப்பவர் வெட்டுப்படுகிறார், ஒரு முனையில் நின்றவர் ஓடிவந்து மறுமுனையிலும் நிற்க முடிகிறது.